எடை தூக்கினால் கால் கனக்குமா?

1980-ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. சிகாகோவில் ராபர்ட் ஹிக்ஸன் என்ற உடலியங்கியல் ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாக்குப்பிடிக்கும் பயிற்சியையும் எடைப் பயிற்சியையும் ஒரே ஆள் சேர்த்துச் செய்தால், எடைப் பயிற்சியின் பலன் ஒரு கட்டத்துக்கு மேல் குறைகிறது என்பது அதன் சாரம். அதே ஆண்டு கோடையில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இங்கிலாந்தின் செபாஸ்டியன் கோ 1500 மீட்டரில் தங்கம் வென்றார். லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததிலிருந்து ஜார்ஜ் கேண்டி என்ற பயிற்சியாளரின் மேற்பார்வையில் குளிர்காலந்தோறும் ஜிம்மில் எடை தூக்கியவர், பெட்டி மேல் தாவியவர் அவர். அடுத்த ஆண்டு ஜூனில், ஃபுளோரன்ஸ் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 41.73 வினாடியில் ஓடினார். அந்த உலக சாதனையை 1997 வரை யாராலும் தொட முடியவில்லை.

ஆய்வகம் சேராது என்றது, டிராக் சேரும் என்றது. இரண்டுமே சரி என்பதுதான் இதில் சுவாரஸ்யம்.

மைதானங்களில் இன்றும் இரண்டு கட்சிகளைப் பார்க்கலாம். ஓடுகிறவன் ஓடினால் போதும், ஜிம் பக்கம் போனால் கால் கனத்துவிடும் என்பது ஒன்று. இன்னொரு கட்சி ஜிம்முக்குப் போகச் சொல்லும். ஆனால் ஓட்டக்காரருக்குத் தாக்குப்பிடிக்கும் சக்திதானே வேண்டும், அதனால் குறைந்த எடையை இருபது, முப்பது தடவை தூக்கு என்று சொல்லும். என்னைக் கேட்டால், முதல் கட்சியைவிட அதிகம் குழம்பிப் போயிருப்பது இந்த இரண்டாவது கட்சிதான். ஏன் என்று பார்க்க, முதலில் 800 மீட்டர் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும்.

நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை வைத்து ஸ்பென்சர், காஸ்டின் என்ற இருவர் 2001-இல் வெளியிட்ட அளவீடு இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. ஓட்டத்துக்கான ஆற்றலில் ஆக்சிஜன் வழியாக வரும் பங்கு 400 மீட்டரில் 43 சதவீதம், 800-இல் 66, 1500-இல் 84. இரண்டே நிமிடத்தில் முடிகிற 800 மீட்டரில்கூட மூன்றில் இரண்டு பங்கு மூச்சுக்காற்றின் கணக்கு. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு, தசைக்குள் இருக்கும் நுண்ரத்தக் குழாய்கள், மைட்டோகாண்ட்ரியா ஆகியவற்றை எல்லாம் வளர்ப்பது ஓட்டம்தான். எந்த பார்பெல்லும் அந்த வேலையைச் செய்யாது. ஆகவே வாரத்தின் பெரும் பகுதி ஓட்டத்துக்கே உரியது. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

விவாதம் வேறு இடத்தில் இருக்கிறது. உண்டாக்கிய ஆற்றல் தரைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதில்.

1 நிமிடம் 50 வினாடியில் 800 மீட்டர் ஓடுகிறவர் வினாடிக்கு ஏழு மீட்டருக்கு மேல் போகிறார். ஓர் எட்டின் நீளம் இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் நானூறு அடிகள். ஒவ்வோர் அடியிலும் பாதம் தரையில் இருப்பது ஒரு வினாடியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு நேரம் மட்டுமே. அதற்குள் உடல் எடையைப்போல் மூன்று மடங்கு அளவுக்கு விசையைத் தரையில் செலுத்தி, உடலை மறுபடி காற்றில் எழுப்பிவிட வேண்டும். ஒரு தசை தன் முழு விசையை எட்டுவதற்கு வினாடியில் மூன்றில் ஒரு பங்காவது ஆகும். அதாவது எந்த அடியிலும் தசைக்குத் தன் முழு பலத்தைக் காட்ட அவகாசமே கிடைப்பதில்லை. எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைவிட, அது எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதுதான் டிராக்கில் எடுபடுகிறது.

அந்த நானூறு அடிகளும் ஒரே மாதிரி விழுவதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா 1:40.91 என்ற உலக சாதனை படைத்தபோது முதல் சுற்றை 49.28 வினாடியில் கடந்தார். இரண்டாவது சுற்றுக்கு 51.63 பிடித்தது. அவருக்கே அப்படி. கடைசி 150 மீட்டரில் பெரும்பாலும் யாரும் வேகமெடுப்பதில்லை. மற்றவரைவிடக் குறைவாக வேகம் இழப்பவர் முந்துவதுபோல் தெரிகிறார். அந்த நேரத்தில் இடுப்பு தாழ்கிறது, பாதம் தரையில் தங்கும் நேரம் நீள்கிறது, எட்டு குறுகுகிறது. மூச்சு தீர்வதற்கு முன்பே சிலருக்கு ஓடும் முறை கலைந்துவிடுகிறது.

இனி ஹிக்ஸனுக்கு வருவோம். அவருக்கு இந்தக் கேள்வி எழுந்த விதமே தனிக் கதை. எடை தூக்கும் பழக்கமுள்ள அவர், செயின்ட் லூயிஸில் ஜான் ஹொலோஸியின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஓடும் எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது என்று 1967-இல் காட்டிய ஹொலோஸி, தானும் தவறாமல் ஓடுகிறவர். புதிதாக வந்தவர் பேராசிரியரோடு ஓடத் தொடங்கினார். எடைப் பயிற்சியை விடவில்லை. ஆனாலும் உடம்பு சுருங்க ஆரம்பித்தது. நீ தனி ஆய்வகம் அமைத்ததும் முதலில் ஆராய வேண்டியது இதைத்தான் என்றாராம் பேராசிரியர்.

ஹிக்ஸன் மூன்று குழுக்களை அமைத்தார். ஒரு குழுவுக்கு வாரம் ஐந்து நாள் எடைப் பயிற்சி. இன்னொன்றுக்கு வாரம் ஆறு நாள், நாளுக்கு நாற்பது நிமிடம் கடுமையான ஓட்டமும் சைக்கிளும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். பத்து வாரம். இரண்டையும் செய்தவர்களின் கால் பலம் முதல் ஏழு வாரம் எடைக் குழுவோடு சமமாக ஏறிவந்து, பிறகு நின்று, ஒன்பதாம் பத்தாம் வாரங்களில் இறங்கியது. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். அதே கட்டுரையில் உள்ள இன்னொரு முடிவைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டையும் செய்த குழுவின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு, தாக்குப்பிடிக்கும் பயிற்சி மட்டும் செய்த குழுவுக்குச் சற்றும் குறையாமல் உயர்ந்திருந்தது. எடை தூக்கியதால் மூச்சுக்குப் பாதகம் ஏதுமில்லை.

இதை ஓட்டக்காரரின் பக்கம் நின்று படித்துப் பாருங்கள். பளுதூக்கும் வீரருக்கு அது கெட்ட செய்தி. 800 மீட்டர் ஓடுகிறவருக்கோ அவர் அஞ்சுகிற விஷயத்துக்கு எதிரான காப்பு! ஓட்டம் தசைப் பெருக்கத்தைத் தடுக்கிறது என்றால், வாரம் எண்பது கிலோமீட்டர் ஓடுகிறவர் இரண்டு நாள் ஸ்குவாட் செய்ததால் தொடை பருத்துப்போகும் என்று கவலைப்பட வேண்டியதே இல்லை. தவிரவும், வாரம் பதினோரு கடும் பயிற்சிகளை யார் தலையில் கட்டினாலும் பத்தாவது வாரத்தில் உடம்பு கேள்வி கேட்கும். அதில் எவ்வளவு தசையின் முரண்பாடு, எவ்வளவு வெறும் அசதி என்பதை அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது.

பிற்காலத்தில் இந்த முரண்பாட்டுக்கு மூலக்கூறு அளவில் விளக்கம் தேடினார்கள். செல்லில் ஆற்றல் குறையும்போது விழிக்கும் ஏ.எம்.பி.கே. என்ற நொதி, புரதம் கட்டும் எம்டார் என்ற நொதியின் வேலையை நிறுத்திவைக்கிறது. ஓட்டம் முதலாவதைக் கிளப்பும், எடை இரண்டாவதை. 2005-இல் ஆதர்டன் குழுவினர் எலித் தசையைத் தனியே எடுத்து, இருவிதமான மின்தூண்டல் கொடுத்து இதை அழகாகக் காட்டினார்கள். படிக்க நேர்த்தியான கதைதான். ஆனால் பாத்திரத்தில் கிடக்கும் எலித் தசை மதியம் சாப்பிடுவதில்லை, இரவு தூங்குவதில்லை. முழு மனிதர்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் ஷூமன் குழுவினர் பார்த்தபோது, இரண்டையும் சேர்த்துச் செய்வதால் தசை வளர்ச்சியும் உச்ச பலமும் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. வெடிப்பு வேகம் மட்டும் கொஞ்சம் மழுங்கியது; அதுவும் இரண்டையும் ஒரே அமர்வில் செய்தபோது கூடுதலாக. குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி விட்டவர்களிடம் அந்தப் பாதிப்பு தெளிவாக இல்லை. ஆக, பிரச்சினை பெரும்பாலும் கால அட்டவணையில் இருக்கிறது.

சேர்த்துச் செய்தால் ஓட்டத்துக்கு என்ன லாபம்? ஃபின்லாந்தில் லீனா பாவோலைனன் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. தேர்ந்த ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். மொத்தப் பயிற்சி நேரம் இரண்டு குழுவுக்கும் ஒன்றே. ஒரு குழு மட்டும் அந்த நேரத்தில் 32 சதவீதத்தை எடுத்துத் தாவல், குறுவேக ஓட்டம், குறைந்த எடையை மிக விரைவாகத் தள்ளும் பயிற்சிகளுக்குக் கொடுத்தது. ஒன்பது வாரம் கழித்து அந்தக் குழுவின் 5 கிலோமீட்டர் நேரம் முன்னேறியது. உச்ச ஆக்சிஜன் பயன்பாடோ உயரவில்லை. அதே வேகத்துக்கு அவர்களுக்குக் குறைந்த ஆக்சிஜன் போதுமானதாக இருந்தது. ஓட்டச் சிக்கனம் என்று இதைச் சொல்வார்கள்.

2008-இல் நார்வேயின் ஸ்டோரன் குழு எதிர்த்திசையில் போனது. நான்கு தடவைக்கு மேல் தூக்க முடியாத கனமான எடையோடு அரை ஸ்குவாட், நான்கு செட், வாரம் மூன்று நாள், எட்டு வாரம். ஓட்டச் சிக்கனம் 5 சதவீதம் உயர்ந்தது. உச்ச ஏரோபிக் வேகத்தில் தாக்குப்பிடித்த நேரம் 21 சதவீதம் கூடியது. உடல் எடை மாறவே இல்லை. இந்த ஆய்வுகளில் ஓடியவர்கள் பத்து இருபது பேர்தான், அவர்களிலும் 800 மீட்டர்காரர்கள் குறைவு. சதவீதங்களை அப்படியே நம் ஸ்டாப்வாட்ச்சில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் திசை ஒன்றே: சதை கூடாமல் பலம் கூடியிருக்கிறது.

சதை கூடாமல் பலம் எங்கிருந்து வருகிறது? பாதிப் பதில் நரம்பில் இருக்கிறது. ஊர்த் தேர் இழுக்கும்போது வடத்தில் கை வைத்தவர்கள் நூறு பேர் இருந்தாலும், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒரு குரலுக்கு எல்லாரும் சேர்ந்து இழுத்தால் அதே நூறு பேரால் நகரும். தசை நார்களும் அப்படித்தான். ஒரு நரம்பு செல்லும் அதன் ஆளுகையில் உள்ள நார்களும் சேர்ந்து ஓர் இயக்க அலகு. சிறிய அலகுகள் முதலில் வேலைக்கு வரும், பெரிய வேகமான அலகுகள் கடைசியில்தான் வரும். இந்த வரிசையை எல்வுட் ஹென்னமன் என்ற அமெரிக்க நரம்பியலாளர் 1950, 60-களில் கண்டு சொன்னார். மெதுவான நீண்ட ஓட்டத்தில் பெரிய அலகுகளுக்கு அழைப்பே போகாது. கனமான எடைக்குக் கீழே நிற்கும்போது மூளைக்கு வேறு வழியில்லை, எல்லாரையும் கூப்பிட்டாக வேண்டும். சில வாரங்களில் அந்த அழைப்பு சீக்கிரமாகவும் அடர்த்தியாகவும் போகப் பழகிக்கொள்கிறது.

மீதிப் பாதி தசைநாண்களில். தரையில் விழும்போது உடல் இழக்கும் ஆற்றலில் ஒரு பகுதியைக் குதிகால் தசைநாண் இழுபட்டுச் சேமித்து, எழும்போது திருப்பித் தருகிறது. பிரிட்டனில் மெக்நீல் அலெக்சாண்டர் குழுவினர் 1987-இல் கணக்கிட்டார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் வினாடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கைமாறும் ஆற்றல் ஏறக்குறைய 100 ஜூல். அதில் 35 ஜூலைக் குதிகால் தசைநாணும், 17 ஜூலைப் பாதத்தின் வளைவும் சேமிக்கின்றன. பாதிக்கு மேல் செலவில்லாத வரவு! நாண் விறைப்பாக இருந்தால், குறைந்த தரை நேரத்தில் இந்த வரவு ஒழுங்காகக் கைக்கு வரும்.

அந்த விறைப்பை எப்படிக் கூட்டுவது? 2007-இல் ஜெர்மனியில் அரம்பாட்சிஸ் குழு ஒரு காரியம் செய்தது. ஒரே ஆளின் ஒரு காலுக்கு லேசான இழுவிசை, மற்றொரு காலுக்குக் கடுமையான இழுவிசை. மொத்த வேலை இரண்டு காலுக்கும் சமம். பதினான்கு வாரம். கடுமையாக இழுபட்ட காலில் நாண் விறைத்தது. லேசாக இழுபட்ட காலில் மாற்றமில்லை.

முப்பது தடவை தூக்கும் கட்சியை நான் ஏன் குறை சொன்னேன் என்பது இப்போது விளங்கும். லேசான எடையைப் பல தடவை தூக்கும்போது பெரிய அலகுகள் களைப்பின் கடைசியில்தான் வருகின்றன, நாண் கண்டுகொள்வதே இல்லை. மிஞ்சுவது எரிச்சலும் அசதியும். அந்தத் தாக்குப்பிடிப்பைத்தான் ஓட்டம் ஏற்கெனவே நாலு மடங்கு நன்றாகத் தருகிறதே! ஜிம்மில் தேட வேண்டியது ஓட்டம் தராததை.

எடையே தொடாத பெரியவர்களும் உண்டே என்று கேட்கலாம். நியூஸிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டுக்கு எடைப் பயிற்சியில் நம்பிக்கை கிடையாது. அவருடைய சீடர் பீட்டர் ஸ்னெல் 1960 ரோமில் 800 மீட்டர் தங்கமும், 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கமும் வென்றார். ஆனால் லிடியார்டின் திட்டத்தில் மேட்டில் துள்ளித் துள்ளி ஏறும் கட்டம் வாரக்கணக்கில் உண்டு. பெயர் வைக்காத பிளையோமெட்ரிக்ஸ், அதாவது தாவல் பயிற்சி, அது. அதே ரோமில் 1500 மீட்டரை 3:35.6 என்ற உலக சாதனையோடு வென்ற ஆஸ்திரேலியாவின் ஹெர்ப் எலியட், பயிற்சியாளர் பெர்சி செருட்டியிடம் போர்ட்ஸீயின் மணல் மேடுகளில் ஏறியவர், பார்பெல்லும் தூக்கியவர். இரு பள்ளிகளும் சண்டை போட்டுக்கொண்டது கருவியைப் பற்றித்தான்.

அட்டவணைக்கு வருவோம். பலர் தவறுவது இங்கேதான். செவ்வாய்க்கிழமை டிராக்கில் இண்டர்வெல் முடித்து, புதன்கிழமை ஓய்வு ஓட்டம்தானே என்று அன்றைக்கு ஸ்குவாட் வைப்பார்கள். வியாழக்கிழமை வேக ஓட்டத்துக்குக் கால் செத்துக் கிடக்கும். பழி எடைமேல் விழும். கனமான எடைப் பயிற்சியின் அசதி மறுநாளும், சிலருக்கு அதற்கு மறுநாளும் இருக்கும். அதனால் கடினமான நாளையே இன்னும் கடினமாக்குவது நல்லது. காலையில் இண்டர்வெல், மாலையில் எடை; புதன்கிழமை முழுக்க இலேசான ஓட்டம் மட்டும். இரண்டுக்கும் நடுவே ஆறு மணி நேரமாவது கிடைத்தால் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வரலாம். ஒரே வேளையில்தான் முடியும் என்றால் ஓட்டம் முதலில், எடை பிறகு. களைத்த காலோடு டிராக்கில் ஓடினால் பழகிக்கொள்வது கெட்ட ஓட்டத்தை.

அளவு சிறிது. சீசனுக்கு முந்தைய மாதங்களில் வாரம் இரண்டு அமர்வு, முக்கால் மணி நேரம் போதும். ஸ்குவாட் அல்லது டெட்லிஃப்ட் ஒன்று, ஒற்றைக் கால் பயிற்சி ஒன்று, கெண்டைக்காலுக்கு ஒன்று. மூன்று முதல் ஆறு தடவை, மூன்று நான்கு செட், நடுவே மூன்று நிமிடம் சும்மா உட்கார வேண்டும். உட்காருவதுதான் ஓட்டக்காரருக்குக் கஷ்டம். மூச்சு வாங்காவிட்டால் பயிற்சியே செய்யவில்லை என்ற நினைப்பு அவர்களுக்கு. தூக்க முடியாமல் விழும்வரை போகவே கூடாது. இன்னும் இரண்டு தடவை முடியும் என்ற நிலையில் பார்பெல்லை வைத்துவிட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள், முக்கியமாகப் பள்ளி மாணவர்கள், முதல் சில மாதங்களை அசைவைச் சரியாகக் கற்பதில் கழிக்கட்டும். வெறுங்கோல்கூட அவர்களுக்கு எடைதான்.

கெண்டைக்காலைத் தனியே சொல்லக் காரணம் உண்டு. ஓட்டத்தில் மிக அதிக விசை சுமப்பது தொடைத் தசை இல்லை. கெண்டையின் உள்ளடுக்கில் உள்ள சோலியஸ். அது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் ஆறு மடங்கு அளவுக்கு விசை காட்டுகிறது. ஜிம்மில் எல்லாரும் தொடையைக் கவனிக்கிறார்கள், இதை மறந்துவிடுகிறார்கள். முழங்காலை மடித்த நிலையில், தோளிலோ மடியிலோ எடை வைத்துக் குதிகாலை உயர்த்தி இறக்கினால் இதற்குப் பயிற்சி கிடைக்கும். படிக்கட்டும் ஒரு மூட்டை மணலும் இருந்தால் ஜிம்கூட வேண்டாம். ஸ்பைக்ஸ் போட்டு ஓடத் தொடங்கும் மாதத்தில் குதிகால் வலியோடு வருகிறவர்களில் பலர் இதை முன்பே செய்திருக்கலாம்.

எல்லாருக்கும் ஒரே கலவை பொருந்தாது. 1976 மான்ட்ரியலில் 400, 800 இரண்டிலும் தங்கம் வென்ற கியூபாவின் ஆல்பெர்டோ ஜுவான்டரீனா, கூடைப்பந்தாட்டத்திலிருந்து வந்த உயரமான மனிதர். அந்த 800 மீட்டர் இறுதியில் முதல் சுற்றில் முன்னால் ஓடியவர் நம் ஸ்ரீராம் சிங். ஏழாவதாக முடித்த அவரது 1:45.77 இந்திய சாதனையாக 2018 வரை நின்றது. ஜுவான்டரீனா போல் 400-இலிருந்து மேலே வருகிறவர்களுக்கு வெடிப்பு வேகம் ஏற்கெனவே கையில் இருக்கிறது; அவர்கள் எடையில் கை வைக்கும் நேரத்தைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டலாம். கோ போல் 1500 பக்கத்திலிருந்து கீழே வருகிறவர்களுக்குத்தான் ஜிம் அதிகம் கொடுக்கும்.

சாப்பாட்டைச் சொல்லாமல் இதை எழுதினால் பாதிதான் எழுதியதாகும். ஒல்லியாக இருந்தால் வேகம் என்று நம்பி, விடியற்காலை வெறும் வயிற்றில் ஓடி, மாலையில் எடையும் தூக்கி, இரவில் இரண்டு இட்லியோடு படுக்கிறவருக்கு எந்த அட்டவணையும் உதவாது. ஆற்றல் பற்றாக்குறை நீடித்தால் எலும்பு மெலியும், அழுத்த முறிவு வரும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவது அதன் முதல் எச்சரிக்கை. அதைப் பயிற்சி நன்றாக நடப்பதன் அடையாளம் என்று சொல்லும் பயிற்சியாளரை விட்டு விலகுவதே மேல். எடைப் பயிற்சி தொடங்கினால் உணவு கூட வேண்டும். உடல் எடைக் கிலோ ஒன்றுக்கு நாளைக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் புரதம், அதுவும் நாள் முழுக்கப் பிரித்து.

போட்டிகள் தொடங்கியதும் பலர் எடையை ஒரேயடியாக நிறுத்திவிடுகிறார்கள். சம்பாதித்தது சில வாரங்களில் கரையத் தொடங்கும். ஓட்டக்காரர்களை நாற்பது வாரம் தொடர்ந்து கவனித்து 2017-இல் பீட்டி குழு வெளியிட்ட ஆய்வில், முதல் இருபது வாரம் இரண்டு அமர்வும் அடுத்த இருபது வாரம் ஒன்று மட்டும் செய்தவர்கள் தங்கள் ஆதாயத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அப்போதும் உடல் எடை ஏறவில்லை. சீசனில் வாரம் ஒரு நாள், அதே கனம், பாதி செட். பெரிய போட்டிக்கு முந்தைய வாரத்தில் மட்டும் விட்டுவிடலாம். ஹீட்ஸ், அரையிறுதி, இறுதி என்று நான்கைந்து நாளில் மூன்று ஓட்டம் இருக்கும் சாம்பியன்ஷிப்பில் பார்பெல் பக்கம் போகவே வேண்டாம். வார்ம்-அப்பில் நாலைந்து துள்ளல், இரண்டு குறுவேக ஓட்டம், அவ்வளவுதான்.